படிவத்தில் இல்லாத ஒன்பதாவது கட்டம்

போன மாதம் கஸ்தூரி என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். சிம்பாங் அம்பாட்டில் நான் பதினொரு ஆண்டுகள் வேலை செய்த அரிசிச் சேமியாவான பீஹூன் செய்யும் தொழிற்சாலையில், என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். படத்தில் ஒரு நீல நிறக் குப்பைத்தொட்டி. அதற்குள் தலைகீழாக ஒரு பியூரெட் கண்ணாடிக் குழாய், அதைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தாங்கி, வாய் உடைந்த ஒரு கண்ணாடிக் குவளை. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, புது மீட்டர் மாட்டிட்டாங்க. இதெல்லாம் இனிமே வேணாமாம். ஒங்களுக்கு ஞாபகத்துக்கு எடுத்து வைக்கட்டா?"

வேண்டாம் என்று பதில் போட்டேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், புது மீட்டர் எதையெல்லாம் அளக்கிறது என்று கேட்டேன். வெப்பம், பிஎச், நீரோட்டம், எரிவாயு என்றாள். அமில விகிதம்?

"அப்படி ஒண்ணு ஃபோர்ம்லயே இல்லியேக்கா."

இல்லைதான். படிவத்திலிருந்து அதை எடுத்தவள் நான்.

எனக்கு முப்பத்தைந்து வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஜெலுத்தோங் பசாரில் காய்கறி விற்பவர்கூடச் சிரிக்கிறார். தொழிற்சாலை, விரும்பியவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு தாள் கொண்டுவந்தபோது முதலில் கையெழுத்துப் போட்டது நான். என் பெயரிலிருந்த தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை. இப்போது வீட்டிலேயே ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். இந்தத் தொழிலுக்கு இனி திரும்பப் போவதில்லை. ஆகவே ஓய்வு என்ற சொல் சரிதான்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு ஆண்டுகள் இரசாயனப் பொறியியல், பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான ஒரு பயிற்சி, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். இங்கே கழிவுநீரை வெளியே விடும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், அந்த நீருக்குப் பொறுப்பானவர் என்று ஒருவர் பெயர் இருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் அது என் பெயர். அலுவலகச் சுவரில், முதலாளி தவுக்கேயின் படத்துக்கு இரண்டடி தள்ளி, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

பீஹூன் செய்ய நிறையத் தண்ணீர் வேண்டும். அரிசியை ஊறவைத்த தண்ணீர், அரைத்துப் பிழிந்த தண்ணீர், தரையைக் கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து பாலைப்போல வெள்ளையாக ஓடிவரும். அதை அப்படியே ஓடையில் விட்டால், அதைத் தின்னும் கிருமிகள் நீரில் கரைந்திருக்கும் காற்று முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். அதனால் காற்றே இல்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களிடம் அந்த நீரை முதலில் கொடுக்கிறோம். மூன்று மாடி உயரத்தில் மூடிய இரும்புத் தொட்டி. நீர் அடியிலிருந்து மேலேறும். வழியில் கடுகு அளவிலான கறுப்பு மணிகள் ஒரு படுகையாக மிதந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மணியும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் ஒரு குடியிருப்பு. அந்தக் குடியிருப்பில் நான்கு வகையினர்:

ஒன்று, மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்குபவை.
இரண்டு, சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலங்கள் ஆக்குபவை.
மூன்று, அந்த அமிலங்களை வினிகரின் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுபவை.
நான்கு, அவற்றைத் தின்று மீத்தேனை வெளியே விடுபவை.

அந்த மீத்தேன்தான் எரிவாயு. அது கொதிகலனுக்குப் போகும், பீஹூனை அவிக்கும். மிஞ்சியது வாசலுக்குப் பக்கத்திலிருந்த உயரமான குழாயின் உச்சியில் எரியும். அதை நாங்கள் விளக்கு என்போம்.

பாடப்புத்தகம் இந்த நான்கையும் ஒரே வரிசையில் அம்புக்குறி போட்டுக் காட்டும். காட்டாதது அவற்றின் வேகம். முதல் இரண்டும் அவசரக்காரர்கள். எவ்வளவு கொட்டினாலும் சில மணி நேரத்தில் புளிக்கவைத்துவிடுவார்கள். நான்காவது கூட்டம் மெதுவானது, நோஞ்சான், இரட்டிப்பாவதற்கே நாட்கள் ஆகும். அதனால் தின்ன முடிகிற அளவைவிட அமிலம் அதிகம் வந்தால், அமிலம் தங்கும். தங்கிய அமிலம் அந்த நான்காவது கூட்டத்தையே நோயாக்கும். அது இன்னும் குறைவாகத் தின்னும். அமிலம் இன்னும் தங்கும்.

இதில் மோசமானது, பிஎச் மீட்டர் இதைச் சொல்லாது என்பது. நீரில் காரத்தின் கையிருப்பு இருக்கும்வரை அமிலம் ஏறினாலும் பிஎச் ஏழிலேயே நிற்கும். மேலே இருந்து காரமான சோடா உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் இன்னும் அழகாக நிற்கும். கையிருப்பு தீர்ந்த நாளில் ஒரேயடியாக விழும். அன்றைக்கு மீட்டரைப் பார்த்துப் பயனில்லை.

உண்மையைச் சொல்வது ஒரே சோதனைதான், அதற்குத்தான் அந்த பியூரெட். தொட்டியிலிருந்து நீர் எடுத்து வடிகட்டி, கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிஎச் ஐந்துக்கு இறங்கும்வரை செலவான அமிலம் ஓர் அளவு. அங்கிருந்து நாலரைக்குச் சற்றுக் கீழே போகும்வரை செலவானது இன்னோர் அளவு. முதலாவது காரத்தின் கையிருப்பைச் சொல்லும், இரண்டாவது தங்கிய அமிலத்தைச் சொல்லும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் விகிதம். பூஜ்யம் புள்ளி மூன்றுக்குக் கீழே இருந்தால் தொட்டி நலம். புள்ளி நான்கைத் தாண்டினால் தீனியைக் குறைக்க வேண்டும். இருபது நிமிட வேலை.

அந்த இருபது நிமிடத்தை என்னைவிட நன்றாகச் செய்தவர் லெட்சுமணன் அண்ணன். தொட்டியை இயக்கியவர். ஐம்பது தாண்டியவர், தாசேக் கெலுகோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அதற்கு முன் அங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கழிவுக் குளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். நான் ஒரு முறை செய்து காட்டினேன். மறுநாள் பியூரெட்டில் நான் பார்த்த அளவுக்கும் அவர் பார்த்த அளவுக்கும் வித்தியாசம் இருந்தது. என்னுடையதுதான் தப்பு. நான் குனியாமல் பார்த்திருந்தேன்.

"தங்கச்சி, கண்ணு அந்தக் கோட்டுக்கு நேரா இருக்கணும்லா. மேல நின்னு பார்த்தா எல்லாம் கொறைச்சலாத்தான் தெரியும்."

பம்ப் அறையில் நான் தங்கச்சி. அலுவலகத்தில், மற்றவர்கள் முன்னால், மிஸ். இந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை.

தொட்டியைப் பற்றி அவர் சொன்னதை நான் இன்றும் மாணவர்களிடம் சொல்கிறேன். "அதுக்குப் பசிச்சா சத்தம் போடாது. தின்னு அஜீரணமானாத்தான் சத்தம் போடும். எங்க மச்சான் மாதிரி."

எங்கள் இருவருக்கும் மேலே மிஸ்டர் இயோ, தொழிற்சாலை மேலாளர். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு எளிது. ஆனால் அவரிடம் நான் கற்றது நிறைய. சட்டைப்பையில் நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். ஓடும் பம்ப்பின் மேல் அதன் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார். "இந்த பேரிங் இரண்டு வாரம்தான்" என்பார். இரண்டு வாரத்தில் போகும். பதினொரு ஆண்டுகளில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், இங்கே தமிழில் தருகிறேன். ஆனால் இரண்டு சொற்களை மட்டும் அவர் சொன்னபடியே தர வேண்டும். எந்த உத்தரவையும் அவர் கேள்வியாகத்தான் முடிப்பார்: "போலே, கான்?" முடியும், இல்லையா? சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நாம் ஆமாம் என்று சொல்லும்வரை நகர மாட்டார். சொன்னபின் அது நம்முடைய முடிவாகிவிடும். அவர் எனக்கு எழுத்தில் தந்த உத்தரவு ஒன்றுகூட இல்லை.

எங்கள் தினசரிப் படிவத்தில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. நேரம், வெப்பம், பிஎச், உள்ளே போன நீர், வெளியே வந்த நீரின் கலங்கல், எரிவாயு, விளக்கின் நிலை, சோடா, அமில விகிதம். ஒன்பதாவதை நான் சேர்த்தேன், வேலைக்கு வந்த முதல் ஆண்டில்.

ஒருமுறை பீஹூன் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தார். தாள்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தி, 0.42 என்பதன் மேல் விரலை வைத்தார். அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டார். தீனியைக் குறைத்தோம், இரண்டு நாளில் இறங்கியது என்றேன். அதற்கு எழுத்து ஆதாரம் கேட்டார். எங்களிடம் இல்லை. ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மிஸ்டர் இயோ என் மேசைக்கு வந்தார்.

"இந்தக் கட்டத்தைச் சட்டம் கேட்கிறதா?"

"இல்லை."

"வாங்குபவர் கேட்டாரா?"

"இல்லை."

"பிறகு யார் கேட்டது?"

தொட்டி கேட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் இரண்டு ஆண்டு கழித்துத்தான் தோன்றியது. அப்போது, "நான்தான் சேர்த்தேன்" என்றேன்.

"அப்படியானால் நீயே எடுக்கலாம். சோதனையை நிறுத்தச் சொல்லவில்லை. நமக்காகச் செய்துகொள்ளுங்கள். தாளில் வேண்டாம். போலே, கான்?"

அவர் அங்கேயே நிற்கும்போதே நான் கணினியில் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். மற்ற எட்டும் தாமாக அகலமாகி அதன் இடத்தை நிரப்பிக்கொண்டன. அச்சிட்டுப் பார்த்தால் முன்பைவிட நேர்த்தியாக இருந்தது.

லெட்சுமணன் அண்ணன் புதுப் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்னா தங்கச்சி, ஒரு கட்டத்தக் காணோம்?"

"ஆடிட்டுக்கு வேணாமாம்ணே. டெஸ்ட் வழக்கம்போல செய்ங்க. எங்கிட்ட வாயால சொன்னாப் போதும்."

"வாயால சொன்னா காத்தோட போயிரும்லா."

மறுநாளிலிருந்து அவர் நாள்காட்டித் தாளில் எழுத ஆரம்பித்தார். மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாள்காட்டி, பம்ப் அறையில் தொங்கும். சோதனை முடிந்ததும் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அந்த நாளின் விகிதத்தையும், கீழே தன் பெயரின் முதலெழுத்தையும் எழுதி, ஆணியில் குத்திவைப்பார். "முன்னாடி ராகு காலம், பின்னாடி தொட்டி காலம்" என்று சிரிப்பார். நானும் சிரித்தேன்.

இனி, நான் சொல்ல வந்த அந்த ஆண்டு.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குத் தொழிற்சாலை பத்து நாள் மூடும். மீண்டும் திறக்கும் நாளுக்கு நல்ல நேரம் பார்த்திருப்பார்கள். எழுபது தாண்டிய தவுக்கே சிவப்புச் சட்டையில் வருவார். சிங்க நடனம் வரும். குறித்த நிமிடத்தில் தொழிற்சாலையிலுள்ள ஒவ்வொரு மோட்டாரும் சுற்ற வேண்டும். அந்த நிமிடத்தில் ஓர் இயந்திரம் சும்மா நின்றால் ஆண்டு முழுவதும் தொழில் நிற்கும் என்பது நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்கு உயரமாக எரிய வேண்டும். தவுக்கே வாசலில் காரிலிருந்து இறங்கியதும் முதலில் தலையைத் தூக்கிப் பார்ப்பது அந்த நெருப்பைத்தான்.

பத்து நாள் பட்டினி கிடந்த தொட்டிக்கு இது விஷம். தீனியை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரத்தில்தான் பழைய அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதோடு, கழிவுநீர் முதலில் வந்து சேரும் சேகரிப்புத் தொட்டியில் பத்து நாள் நின்ற அரிசித் தண்ணீர் ஏற்கெனவே புளித்துப்போயிருக்கும். இரண்டாவது கூட்டத்தின் வேலை வெளியிலேயே முடிந்துவிட்ட நீர் அது. அதை உள்ளே விடுவது, நோயாளி வாயில் நேராக அமிலத்தை ஊற்றுவது.

இதற்கு லெட்சுமணன் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். தீனி பம்ப்பை முழு வேகத்தில் ஓட விடுவார். ஆனால் திருப்பு வால்வைத் திறந்துவைப்பார். நீர் தொட்டிக்குப் போகாமல் சுற்றி வந்து சேகரிப்புத் தொட்டியிலேயே விழும். மோட்டார் சுற்றும், சத்தம் கேட்கும். தவுக்கேக்குத் திருப்தி, தொட்டிக்கும் திருப்தி. விளக்குக்கு, விடுமுறையின் முதல் நாட்களில் வந்த எரிவாயுவைப் பெரிய ரப்பர் பையில் பிடித்துவைத்து அந்த ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவார். ஆண்டுதோறும் நெருப்பு கூரைக்கு மேலே எழும். தவுக்கே கைதட்டுவார். லெட்சுமணன் அண்ணனுக்கு ஆரஞ்சுப் பழங்கள் கிடைக்கும். மிஸ்டர் இயோவுக்கும் இது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த ஆண்டு விடுமுறைக்கு முன்பே வாயுப் பை கிழிந்திருந்தது. புதுப் பை வந்து சேரவில்லை.

திறப்பு நாள் காலை எட்டு மணிக்கு விளக்கு ஒரு விரல் உயரம் எரிந்துகொண்டிருந்தது. மிஸ்டர் இயோ பம்ப் அறைக்கு வந்தார். திருப்பு வால்வைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து விளக்கைப் பார்த்தார்.

"உண்மையாகவே கொடு" என்றார்.

"பத்து நாள் பட்டினி, போஸ்" என்றார் லெட்சுமணன் அண்ணன், மலாயில். "இப்போது கொட்டினால் வாந்தி எடுக்கும்."

"இன்று மட்டும். தவுக்கேக்கு இந்த வருடம் உடம்பு சரியில்லை. இதைப் பார்க்கத்தான் வருகிறார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "போலே, கான்?"

லெட்சுமணன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. சுவரில் தொங்கிய சான்றிதழின் பொருளே அதுதான். வெளியே மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"ஒரு மணி நேரம் மட்டும்" என்றேன்.

அவர் திருப்பு வால்வை மூடி, தீனி வால்வைத் திறந்தார். படிவத்தில் நேரத்தை எழுதி, உள்ளே போன நீரின் அளவை எழுதி, கையெழுத்துப் போட்டார்.

விளக்கு எழுந்தது. புளித்த தீனி உள்ளே போனதும் வாயு முதலில் கூடத்தான் செய்யும். பாதி கரியமில வாயு, ஆனால் யார் பார்ப்பது? தவுக்கே இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குக்கூட அந்த நிமிடம் நல்லதாகத்தான் பட்டது.

ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் வால்வை மூடப் போனபோது மிஸ்டர் இயோ மறித்தார். சேகரிப்புத் தொட்டி நிரம்பி வழிகிறது, ஆர்டர்கள் குவிந்திருக்கின்றன, மூன்று வரிசையும் ஓடுகிறது, தண்ணீர் எங்கே போகும்? உற்பத்தியைக் குறைப்பதுதான் பதில். அதை நான் சொல்லவில்லை. வால்வு திறந்தே கிடந்தது.

இரண்டாம் நாள் லெட்சுமணன் அண்ணன் வந்து சொன்னார்: "புள்ளி முப்பத்தி நாலு, தங்கச்சி." நான் மிஸ்டர் இயோவிடம் சொன்னேன். பிஎச் என்ன என்றார். ஏழு. விளக்கு? உயரமாக. "பிறகென்ன?" என்றார்.

மூன்றாம் நாள், ஐம்பத்திரண்டு. போய்ச் சொன்னேன். சோடாவைக் கூட்டு என்றார். கூட்டினோம். பிஎச் ஏழிலேயே நின்றது. படிவத்தின் எட்டுக் கட்டங்களும் பார்க்க அழகாக இருந்தன.

நான்காம் நாள் லெட்சுமணன் அண்ணன் நாள்காட்டித் தாளோடு என் மேசைக்கே வந்துவிட்டார். அலுவலகத்துக்குள் அவர் அந்தத் தாளைக் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. எழுபத்தெட்டு. "மிஸ், நீங்க ஒரு மெயிலாச்சும் போட்டு வைங்க" என்றார் தணிந்த குரலில்.

போடுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். மூன்று வரி. அனுப்பினால் அது உத்தரவு கேட்பதுபோல் இருக்குமா, குற்றம் சாட்டுவதுபோல் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். வந்து பார்த்தபோது அது தேவையில்லாததுபோல் பட்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு நெருப்பு வெளுத்தது. குழாயின் வாயை விட்டு ஒரு சாண் மேலே தாவி, நடுங்கி, அணைந்தது. பிஎச் ஐந்தரை. தொட்டியின் உச்சியில் நுரை பொங்கி, கறுப்பு மணிகளை அள்ளிக்கொண்டு வழிந்தது. பல ஆண்டுகள் வளர்ந்த படுகையில் பாதி இரண்டு மணி நேரத்தில் வெளியேறி, நீரைத் தெளியவைக்கும் அடுத்த தொட்டியையும் மூழ்கடித்து, ஓடைக்குப் போனது. அழுகிய முட்டை நாற்றம் பின்னாலிருந்த குடியிருப்புவரை அடித்தது. பிற்பகலில் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரிகள் குப்பிகளோடு வந்தார்கள். ஓடையில் மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. லெட்சுமணன் அண்ணன் முழங்கால்வரை அந்தச் சேற்றில் நின்று, வாளியால் மணிகளை அள்ளி அள்ளி மறுபடி தொட்டிக்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் உள் விசாரணை. அறையில் நால்வர். மனிதவள அதிகாரி ஒரு பெண், மிஸ்டர் இயோ, லெட்சுமணன் அண்ணன், நான். லெட்சுமணன் அண்ணன் மேலான குற்றச்சாட்டு மூன்று பிரிவாக இருந்தது:

ஒன்று, விடுமுறைக்குப் பின் தீனியை முறைப்படி படிப்படியாகக் கூட்டாமல் முழுதும் திறந்தது.
இரண்டு, நிலைமை மோசமானதை மேலிடத்துக்குத் தெரிவிக்காதது.
மூன்று, அளவுக்கு மேல் சோடா கொட்டி உண்மை நிலையை மறைத்தது.

படிவத்தில் அவர் கையெழுத்து இருந்தது. வேறு எவருடைய கையெழுத்தும் இல்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து நாள்காட்டித் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ரப்பர் வளையம் போட்டிருந்தார். "நாலு நாளும் சொன்னேன்" என்றார். "இதில் இருக்கிறது."

மனிதவள அதிகாரி ஒன்றை எடுத்துப் புரட்டினாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், கட்டம் போட்ட தமிழ் எழுத்து. "இது என்ன, ஜாதகமா?" என்றாள். மிஸ்டர் இயோ சிரிக்கவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "இந்த எண்கள் உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையா? உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா?"

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் என்ன ஆகும் என்பதை நான் ஏற்கெனவே பட்டியல் போட்டிருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது என்றாகும். தெரிந்தும் நிறுத்தவில்லை என்றாகும். பொறுப்பானவர் என்று இலாகாவிடம் பதிந்திருக்கும் பெயர் என்னுடையது. சான்றிதழ் போகும், வழக்கு வரலாம். அவர் வேலை தப்பும், என் வேலை போகும்.

மிஸ்டர் இயோ என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அது படிவத்தில் இல்லாத சோதனை. கான்?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"அது அதிகாரபூர்வமான சோதனை இல்லை" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. பல நாள் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் சரி. மனிதவள அதிகாரி அதை எழுதிக்கொண்டாள். இரண்டாவது கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

லெட்சுமணன் அண்ணன் வாதாடவில்லை. எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்தார். தாள்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே அவரை நிறுத்தினார்கள். இலாகாவுக்கு அனுப்பிய அறிக்கையில் "இயக்குபவரின் தவறு" என்று எழுதி, கீழே பொறுப்பானவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். தாள்களைக் குப்பைக்குப் போகுமுன் நான் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

தொட்டியை மறுபடி உயிர்ப்பிக்க, நலமான இன்னொரு தொட்டியிலிருந்தோ குளத்திலிருந்தோ சேறு கொண்டுவந்து விதைக்க வேண்டும். எங்களுக்கு அனுமதி கிடைத்தது தாசேக் கெலுகோர் பக்கத்து எண்ணெய் ஆலையில். அவர் முன்பு வேலை செய்த அதே ஆலை. ஏழு குளங்கள். எதில் எடுப்பது என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. குளக்கரையில் லோரி காத்துக்கொண்டிருந்தது. நான் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல் என்று எழுதலாம். வெட்கத்தோடுதான் கூப்பிட்டேன், ஆனாலும் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"மூணாவது கொளம்" என்றார். "மேல மெதக்குறத அள்ளாதீங்க, அது செத்தது. அடியில கருப்பா, கையில எடுத்தா வழவழன்னு வரும். லேசா தார் வாடை அடிக்கும், அதான் நல்லது. புளிப்பு வாடை அடிச்சா வேணாம். லோரிய மூடிக் கொண்டு போங்க, வெயில் படக் கூடாது. மொத வாரம் கொஞ்சமாத்தான் தீனி."

எழுதிக்கொண்டேன். பிறகு, "அண்ணே..." என்றேன்.

அவருக்குப் பின்னால் ஏதோ கேட் திறந்து மூடும் சத்தம். ஓர் அடுக்குமாடியில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

"வேற ஏதாச்சும் வேணுமா, மிஸ்?"

பக்கத்தில் யாருமில்லை. அலுவலகமும் இல்லை.

"இல்லண்ணே" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

மூன்றாவது குளத்துச் சேறு பிடித்தது. நான்கு மாதத்தில் விளக்கு எரிந்தது. அதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். மிஸ்டர் இயோ எழுத்தில் எனக்குத் தந்தது அது ஒன்றுதான். அதன்பின் இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தேன். தினமும் எட்டுக் கட்டங்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்த விலகல் தாள் வந்தது.

கஸ்தூரியின் மீட்டர் நல்ல மீட்டராகத்தான் இருக்கும். பிஎச் ஏழு என்று காட்டும். இருப்பதைத்தான் காட்டும். அவளிடம் சொல்லியிருக்கிறேன், பியூரெட்டைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவி வை என்று. "எங்க எழுதறதுக்கா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அதற்கான இடத்தை அழித்தவளிடம்தான் கேட்டிருக்கிறாள்.

நாள்காட்டித் தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. ரப்பர் வளையம் அறுந்துவிட்டது. இதை எழுதுவதால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் விசாரணையில் கேட்ட கேள்வி ஒன்றுக்குப் பதில் பாக்கி இருக்கிறது. படிவத்தில் இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அமில விகிதம்:
திறப்பு நாள் காலை, தீனி கொடுக்குமுன், 0.17.
இரண்டாம் நாள், 0.34.
மூன்றாம் நாள், 0.52.
நான்காம் நாள், 0.78.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை. முறை சரி, அளவுகள் சரி. ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கே எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

சோதித்தவர்: லெட்சுமணன்.
சரிபார்த்தவர்: நான்.